வாசகர் கேள்வி–பதில்: ரெட் அலர்ட் நாளில் யாருக்கெல்லாம் லீவு?

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் லீவு பற்றியதாகத்தான் இருக்கும். சினிமா, அரசியல், பல்வலி எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த புயல் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் யாருடைய பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

காலை ஏழேகால் மணிக்கு ஸ்கூல் லீவு என்று டிவியில் ஓடுகிறது. அதற்குள் என் மகளை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிவிட்டது. திரும்ப வந்து இறக்கிவிடும்போது மணி ஒன்பது, பிள்ளை தொப்பலாக நனைந்திருந்தாள். இதற்கு லீவே விடாமல் இருந்திருக்கலாம் இல்லையா?
– ஓர் அம்மா, வில்லியனூர்

லீவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கோபம் நியாயம்.

இதில் இரண்டு வகை நாட்கள் இருக்கின்றன. சாதாரணப் பருவமழை நாளில், மேகக்கூட்டம் நள்ளிரவுக்கு மேல் கடலிலிருந்து கரையேறி விடியற்காலையில் கொட்டித் தீர்ப்பது நம் பக்கத்தில் வழக்கம். முந்தைய நாள் மாலை வானம் பளிச்சென்று இருக்கும், அறிக்கையில் 'கனமழைக்கு வாய்ப்பு' என்று மட்டும் இருக்கும். அதை நம்பி மாலையே லீவு விட்டால் மறுநாள் வெயில் அடிக்கும், ஊரே சிரிக்கும். ஆகவே விடியற்காலையில் எழுந்து எங்கே எத்தனை சென்டிமீட்டர் பெய்திருக்கிறது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று விசாரித்து முடிவெடுப்பது அந்த நாட்களுக்குச் சரி. ஏழேகால் மணிதான் சரியில்லை. வேன் ஆறரைக்குக் கிளம்புகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அறிவிப்பு எழுதுகிறவர் வீட்டுப் பிள்ளையும் அந்த வேனில்தான் போகும். ஐந்தரைக்குள் முடிவெடுக்க முடியவில்லை என்றால் அன்றைக்குப் பதினோரு மணிக்குப் பள்ளி திறக்கும் என்று சொல்லிவிட்டு நிதானமாகப் பார்க்கலாமே, அது ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

புயல் வேறு கணக்கு. அதற்கு வானிலை ஆய்வுத் துறை நான்கு கட்டமாக எச்சரிக்கை தருகிறது: 72 மணி நேரத்துக்கு முன்பு ஒன்று, 48 மணி நேரத்துக்கு முன்பு ஒன்று, 24 மணி நேரத்துக்கு முன்பு ஒன்று, கரை கடக்கப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும்போது, கடந்த பிறகு உள்பகுதியில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து இன்னொன்று. இவ்வளவும் கையில் இருக்கும்போது விடியும்வரை காத்திருந்து யோசிக்க என்ன இருக்கிறது? 2020-ல் வந்த நிவர் புயலை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 25 இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையேறத் தொடங்கியது. அதற்கு முந்தைய இரவு 9 மணிக்கே புதுச்சேரியில் 144 போட்டுவிட்டார்கள், பால், மருந்துக்கடை, பெட்ரோல் பங்க் தவிர எல்லாம் மூடல். தமிழ்நாட்டுப் பக்கம் 24-ம் தேதி மதியத்திலிருந்து கடலூர் உட்பட ஏழு மாவட்டங்களில் பஸ் ஓடவில்லை, 25-ம் தேதி பொது விடுமுறை. யார் எங்கே இருக்க வேண்டும் என்பது முந்தைய நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்னைக் கேட்டால் புயல் லீவு என்பது முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வருவது சும்மா செய்திதான்.

இன்னொன்று, பாதி நாள் லீவு. காலையில் வரச் சொல்லிவிட்டு, காற்று ஏறுகிறது என்று பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளைத் தெருவில் விடுவதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. அப்பா வேலையில், அம்மா வேலையில், வேன்காரர் இரண்டாவது ட்ரிப்பில், பிள்ளை கேட் வாசலில். பள்ளிக் கட்டடம் உறுதியாக இருந்தால் அதற்குள்ளேயே சாயங்காலம்வரை வைத்திருப்பது மேல்.

அப்புறம், லீவு விடவில்லை என்றாலும் அனுப்பாமல் இருக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு நாள் வருகைப் பதிவு போனால் போகட்டும்.

ரமணன் சார் இருந்தவரை எங்களுக்கு நல்லா லீவு கிடைத்ததே, இப்போது ஏன் குறைந்துவிட்டது?
– பத்தாம் வகுப்பு, முத்தியால்பேட்டை

நீங்கள் பத்தாம் வகுப்பு என்றால், சென்னை வானிலை மையத்தில் இருந்த எஸ்.ஆர். ரமணன் 2016-ல் ஓய்வுபெற்றபோது நீங்கள் எல்.கே.ஜி.யைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. அண்ணன்மார் சொன்ன கதையை வைத்துக் கேள்வி கேட்கிறீர்கள். அவர் மழை வரும் என்றுதான் சொன்னார், ஒரு நாளும் லீவு விட்டதில்லை. தமிழ்நாட்டில் லீவு விடுவது கலெக்டர், புதுச்சேரியில் அரசு. படிங்க.

கடலூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை. பிள்ளைக்கு லீவு, 'யாரும் வெளியே வராதீர்கள்' என்று கலெக்டர் சொல்கிறார், சூப்பர்வைசர் ஷிஃப்டுக்கு வா என்கிறார். போகாவிட்டால் அன்றைய சம்பளம் கட். சட்டத்தில் எங்களுக்கு ஏதாவது இருக்கிறதா?
– கடலூர் முதுநகர்

இருக்கிறது, ஆனால் அது உங்கள் வீட்டு வாசல்வரை வராமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

முதலில், பள்ளிகளுக்கு விடப்படும் லீவு உங்களைக் கட்டுப்படுத்தாது. மாநில அரசு பொது விடுமுறை என்று அறிவித்தால் அரசு அலுவலகங்கள் மூடும், தனியாருக்கு அது பெரும்பாலும் ஒரு வேண்டுகோளாகத்தான் போய்ச் சேர்கிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடும்படி தமிழ்நாடு அரசு கேட்டுக்கொண்டது. நல்ல விஷயம். ஆனால் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், நீங்கள் பார்க்கும் பாய்லரைக் கொண்டுபோக முடியாது.

வேண்டுகோளைக் கட்டளையாக மாற்ற அதிகாரம் இல்லாமலும் இல்லை. 2005-ம் வருடப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர்தான். ஆபத்துள்ள பகுதிக்குள் வண்டியும் ஆளும் போவதைக் கட்டுப்படுத்த அந்தச் சட்டம் இடம் தருகிறது, உத்தரவை மீறினால் ஒரு வருடம்வரை சிறை அல்லது அபராதம் என்று தண்டனையும் சொல்கிறது. கொரோனா காலத்தில் இதே சட்டத்தை வைத்துத்தான் நாட்டையே பூட்டினார்கள். ஆகவே 'தனியார் நிறுவனங்களை எங்களால் என்ன செய்ய முடியும்' என்று எந்த அதிகாரியாவது கையை விரித்தால் நம்ப வேண்டாம்.

சம்பளம்தான் உண்மையான சிக்கல். இயற்கைப் பேரிடரால் நிர்வாகம் உங்களுக்கு வேலை கொடுக்க முடியாமல் போனால் அது லே-ஆஃப், அதற்குப் பாதிச் சம்பளம் உண்டு என்று தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. இப்போதைய தொழில் உறவுத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் 50 பேராவது வேலை பார்க்கும் இடமாக இருக்க வேண்டும், நீங்கள் ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். காண்ட்ராக்ட்காரர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெயரை எடுத்துவிட்டுப் புதுசாகச் சேர்ப்பது எதற்கென்று இப்போது புரிகிறதா? கம்பெனி கேட்டைத் திறந்து வைத்திருக்க, நீங்கள் புயலுக்குப் பயந்து வராமல் போனால் இந்தப் பாதியும் கிடையாது. அதாவது கம்பெனி மூடினால் அரைச் சம்பளம், மூடாவிட்டால் உங்களுக்குப் பூஜ்யம். இந்தக் கணக்கில் யாராவது கேட்டை மூடுவார்களா?

என் கருத்தைக் கேட்டால்: வெளியே வர வேண்டாம் என்று அரசு சொன்ன நாளில், அத்தியாவசியம் என்று எழுதி அறிவித்த இடங்கள் தவிர வேறெங்கும் வராத ஆளுக்கு ஆப்சென்ட் போடக் கூடாது, முழுச் சம்பளம் தர வேண்டும். வருடத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வரும் இந்தச் செலவில் எந்தக் கம்பெனியும் முழுகிவிடாது. கம்பெனியே இல்லாத கூலி ஆளுக்கு அரசுதான் தர வேண்டும். ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுச்சேரியில் ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய், தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சியில் பாதித்த குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்று கொடுக்கத்தானே செய்தார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகாதே என்று தடை போட்டு, அதற்கு ஈடாக மீனவர் குடும்பத்துக்கு நிவாரணமும் கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. போகாதே என்று சொல்கிறவர் அன்றைய சாப்பாட்டுக்கும் வழி சொல்ல வேண்டும் என்பதை ஒரு இடத்தில் ஒத்துக்கொண்டாயிற்று, இன்னொரு இடத்திலும் ஒத்துக்கொள்ளலாம்.

சிப்காட் என்பதால் இன்னொரு விஷயம். ரசாயன ஆலையில் ரியாக்டரைப் பாதியில் அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போக முடியாது, கரண்ட் போனால் அதுவே தனி ஆபத்து. நிர்வாகம் சொல்லும் இந்தக் காரணம் உண்மைதான். ஆனால் அதிலிருந்து வர வேண்டிய முடிவு, முந்தைய நாளே படிப்படியாக நிறுத்தத் தொடங்கு, கண்காணிக்க எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேரை மட்டும் உள்ளேயே தங்கவை, பாக்கிப் பேரை அனுப்பிவிடு என்பது. வழக்கமான ஷிஃப்டுக்கு எல்லோரும் பைக்கில் வா என்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு?

போய்த்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வேலை செய்யுங்கள். வரச் சொன்னதை வாட்ஸ்ஆப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. இருந்தால், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் 2010 திருத்தத்துக்குப் பிறகு வேலையில் நடந்த விபத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள், அதை வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

மூன்றாம் நம்பர் கூண்டு ஏற்றினால் லீவு உண்டா? ஐந்துக்கு?
– தேவனாம்பட்டினம்

கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் ஏற்றுவது, அதற்கும் பள்ளிக்கூட மணிக்கும் சம்பந்தமில்லை. ஒன்றும் இரண்டும் தூரத்தில் என்னவோ உருவாகியிருக்கிறது என்பதற்கு. மூன்றும் நான்கும் துறைமுகத்திலேயே வானிலை கெடலாம் என்பதற்கு. ஐந்து, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. ஐந்தைவிட ஆறு பெரிது, ஆறைவிட ஏழு பெரிது என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள், அது தப்பு. இந்த மூன்று எண்ணுக்கும் ஆபத்து ஒரே அளவுதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைத்தான் எண் காட்டுகிறது, ஏழு என்றால் துறைமுகத்தை ஒட்டியோ அதன் மேலேயோ. உங்கள் ஊரில் இதை எனக்குச் சொல்லித் தருகிற பெரியவர்கள் இருப்பார்களே!

வீடு ரெட்டிச்சாவடி, தமிழ்நாடு. பையன் படிப்பது பாகூர் பக்கம், புதுச்சேரி. நான் வேலை பார்ப்பது கடலூரில். ஒரே மழை, மூன்று விதமான அறிவிப்பு. நாங்கள் எதைக் கேட்பது?
– ரெட்டிச்சாவடி

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் கஷ்டமாக இருந்தது. பாண்டியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போனால் எத்தனை முறை மாநிலம் மாறுகிறோம் என்று கண்டக்டருக்கே சந்தேகம் வரும். இதில் புதுச்சேரி அறிவிப்பு வரும்போது அது புதுச்சேரிக்கு மட்டுமா, காரைக்காலுக்கும் உண்டா என்று பார்க்க வேண்டும். கேரளக் கரையில் இருக்கும் மாகேக்கும் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாமுக்கும் நம் புயலோடு சம்பந்தமே இருக்காது.

நடைமுறையில் சொன்னால், பையனுக்கு அவன் பள்ளி இருக்கும் பக்கத்து அறிவிப்பு, உங்களுக்குக் கடலூர். ஆனால் நடுவில் இருக்கும் சாலைக்கு எந்த அறிவிப்பும் கிடையாது, அதில் போகிறது நீங்கள். கடலூரில் பஸ்ஸை நிறுத்திவிட்டால் புதுச்சேரிப் பள்ளி திறந்திருந்து என்ன பயன்? கடலூர், விழுப்புரம் கலெக்டர்களும் புதுச்சேரி அரசும் புயல் நேரத்தில் மாலை ஒரு போன் பேசி, மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே முடிவைச் சொல்வதற்கு எந்தப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. வானிலை மையத்தின் கணிப்பில் 24 மணி நேரத்துக்கு முன்பும் கரை கடக்கும் இடம் சில பத்து கிலோமீட்டர் இப்படி அப்படிப் போகும். பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவே மொத்தமே 25 கிலோமீட்டருக்குள். புயல் அங்கே கடக்கும், இங்கே கடக்காது என்று பிரித்து லீவு விடுவது வரைபடத்தில்தான் முடியும்.

ஒவ்வொரு வருடமும் பயமுறுத்துகிறார்கள், கடையை மூடுகிறோம், புயல் ஆந்திராவுக்குப் போய்விடுகிறது. தீபாவளிக்குப் பிறகு கார்த்திகை வியாபாரமும் போனால் கடை வாடகை யார் தருவார்? வானிலை மையம் தருமா?
– ஜவுளிக்கடைக்காரர், திருப்பாதிரிப்புலியூர்

தராது. உங்கள் எரிச்சலில் உண்மை இருக்கிறது, அதனால் மழுப்பாமல் பேசலாம். 2018 கஜாவுக்கு முதலில் கடலூருக்கு வடக்கே என்றார்கள், அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றார்கள், கடைசியில் வேதாரண்யத்தைப் போட்டு நசுக்கியது. ஃபெஞ்சலில் நேர்மாறாக நடந்தது. நவம்பர் 28 வாக்கில், இது புயலாக மாறாது, தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்ற பேச்சு வந்து எல்லோரும் மூச்சு விட்டோம். 29-ம் தேதி புயலாகிவிட்டது. 30-ம் தேதி மாலை கரையேறத் தொடங்கி, நள்ளிரவை ஒட்டித்தான் கடந்து முடித்தது, முடித்தும் நகராமல் புதுச்சேரி மேலேயே உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை எட்டரை மணிவரை 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 சென்டிமீட்டர். அதற்கு முன் பதிவான அதிகபட்சம் 2004 அக்டோபரில் 21. இரண்டு மடங்குக்கும் மேல்! கிருஷ்ணா நகரில் வீட்டுக்குள் மாட்டியவர்களை ராணுவம் வந்து படகில் எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. அதுவே வேலை நாளாக இருந்து, ஊர் பாதி ஆபீசிலும் பாதி ரோட்டிலும் இருந்திருந்தால் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

'ஆந்திராவுக்குப் போய்விட்டது' என்பதும் முழு ஆறுதல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரை கடந்தது பாபட்லா பக்கம், ஆந்திராதான். மூழ்கியது சென்னை. 2015 நவம்பர் 9-ம் தேதி வந்ததற்குப் புயல் என்று பெயர்கூடக் கிடையாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதில்தான் நெய்வேலியில் 48 சென்டிமீட்டர் கொட்டியது, பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் ஆட்களை அடித்துக்கொண்டு போனது. காற்றின் வேகத்தைப் பார்த்துக் கடை மூடினால் போதாது, மழையையும் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் என்றால் அதற்குத்தான் அதி கனமழை என்று பெயர், ரெட் அலர்ட் வருவது பெரும்பாலும் அதற்கு.

வாடகை விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் கடை திறந்தால் யார் வரப்போகிறார்கள் சொல்லுங்கள்? வியாபாரம் எப்படியும் இல்லை, நீங்கள் இழப்பதாக நினைப்பது ஏற்கெனவே போனது. கீழ்த் தளத்துச் சரக்கை மேலே ஏற்ற முந்தைய நாள் கிடைக்கிறதே, அதுதான் எச்சரிக்கையால் உங்களுக்கு லாபம். கடைப் பெண்களை மட்டும் 'சும்மா வந்து உட்காருங்கள்' என்று கூப்பிடாதீர்கள், சாயங்காலம் அவர்கள் எந்த பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி போவார்கள்?

நாங்கள் படிக்கும் காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து பள்ளிக்குப் போனோம். இன்று தூறினால் லீவு. பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம் என்று தோன்றவில்லையா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மஞ்சக்குப்பம்

தூறலுக்கு லீவு வேண்டாம் என்பதில் உங்கள் கட்சிதான் ஐயா. ஆனால் அந்த முழங்கால் தண்ணீரில் அன்றைக்கு மின்சாரக் கேபிள் கிடையாது, மூடியில்லாத சாக்கடைக் குழி இத்தனை கிடையாது, பள்ளியும் பெரும்பாலும் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. இன்றைக்கு லாஸ்பேட்டைப் பிள்ளை கிருமாம்பாக்கத்தில் படிக்கிறது. தானே புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை, காலை ஆறரை ஏழு மணி வாக்கில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் கடலூரை ஒட்டிக் கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வேனும் ஷிஃப்ட் பஸ்ஸும் கிளம்புகிற நேரம் அது. அந்த நேரத்தில் ரோட்டில் யாருக்கு என்ன மனஉறுதி இருந்து என்ன செய்வது?

ஒன்றில் மட்டும் லீவுக்கு எதிராகப் பேசுவேன். பள்ளி மூடினால் காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் போகிறது. அதை நம்பி அனுப்பும் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியுமா என்று லீவு அறிவிப்பில் யாரும் எழுதுவதில்லை. அரிசியும் பருப்பும் முந்தைய நாளே கொடுத்தனுப்பினால் என்ன? கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் சத்துணவுப் பிள்ளைகளுக்கு உலர் பொருளாகக் கொடுத்த அனுபவம் இருக்கிறது.

நர்ஸ் வேலை. எல்லோரும் 'லீவு விடுங்க' என்று பேசுகிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஏது லீவு? புயலன்று ஸ்கூட்டியில் போய் மரம் விழுந்து தப்பித்தவள் நான்.
– ரெட்டியார்பாளையம்

உங்களுக்கு லீவு விட முடியாது, அதனாலேயே மற்றவர்களுக்கு விட வேண்டும். துணிக்கடையும் டியூஷனும் மூடினால்தான் ரோட்டில் ஆம்புலன்ஸ் போகும், மின்வாரியத்துக்காரர் ஏணியோடு போக முடியும்.

ஆனால் அத்தியாவசியம் என்று ஒருவருக்கு முத்திரை குத்தினால் குத்தியவருக்குச் சில கடமைகள் வந்துவிடுகின்றன. புயல் கரை கடக்கும் ஷிஃப்டுக்கு வர வேண்டியவரை அதற்கு முந்தைய ஷிஃப்ட் பஸ்ஸிலேயே அழைத்து வந்து படுக்க இடம், சாப்பாடு கொடுக்க வேண்டும், இல்லை வண்டி அனுப்ப வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவர்களை அன்றைய பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறு நாளில் ஈடுசெய்யலாம். உள்ளே மாட்டிக்கொண்டு அடுத்த ஷிஃப்ட் ஆள் வராமல் இருபத்துநாலு மணி நேரம் நின்றவருக்கு ஓவர்டைம் உண்டு, அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஸ்கூட்டியில் நீங்களே வந்து சேருங்கள், லேட்டானால் அரை நாள் கட் என்பது நிர்வாகம் இல்லை. அக்டோபரில், மழைக்கு முன்பே, உங்கள் சங்கமோ உங்களில் நான்கு பேரோ போய் இதை எழுத்தில் கேளுங்கள். புயல் வந்த பிறகு கேட்டால் எல்லோருக்கும் கை நடுங்கும்.

வீட்டில் கரண்ட் இல்லை, சமைக்க முடியவில்லை. புயலில் ஆப்பில் பிரியாணி ஆர்டர் போடலாமா? டெலிவரி பாய்க்கும் வருமானம்தானே?
– வெங்கட்டா நகர்

கேஸ் அடுப்புக்குக் கரண்ட் எதற்கு? உப்புமா கிண்டுங்கள். அந்தத் தம்பி வருமானத்துக்காக எந்தத் தண்ணீரிலும் வண்டியை விடுவான், கூடுதலாக முப்பது நாற்பது ரூபாய் காட்டினால் இன்னும் வேகமாக விடுவான், அதனால்தான் ஆர்டர் எடுப்பதையே அன்றைக்கு நிறுத்த வேண்டும் என்கிறேன். பள்ளியை மூடு, ஆபீசை மூடு என்று அறிவிப்பு எழுதுகிறவர்கள் கட்டடமே இல்லாத இந்த வேலையை எப்படி மூடுவது என்று இன்னும் யோசிக்கவில்லை.

புயல் போய்விட்டது, வெயில் அடிக்கிறது, அப்போதும் லீவு. இது அதிகாரிகளின் சோம்பேறித்தனம் இல்லையா?
– நெல்லிக்குப்பம்

வெயிலைப் பார்த்து முடிவெடுக்கும் ஊர் இல்லை நம்முடையது. தென்பெண்ணையும் கெடிலமும் எங்கேயோ பெய்ததை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்துதான் கடலில் சேர்கின்றன. ஃபெஞ்சல் சனிக்கிழமை இரவு கடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டது டிசம்பர் 2, திங்கட்கிழமை விடியற்காலை, ஊர் தூங்கும் நேரம். அந்தத் தண்ணீர் அரசூர்ப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையையே மறித்துக்கொண்டு, கடலூரில் நாணமேடு, உச்சிமேடு, தாழங்குடா என்று ஊர்களைச் சுற்றி வளைத்தது. புதுச்சேரியில் பாகூர் பக்கமும் புகுந்தது. காற்று அடங்கி, மழை விட்ட பிறகு. தானே புயலும் நிவரும் பழக்கிவைத்த மாதிரி 'கடந்துவிட்டது, கதவைத் திற' என்று கிளம்பியவர்கள்தான் அன்றைக்கு மாட்டினார்கள்.

இது போக, பள்ளிக்கூடம்தான் பல ஊர்களில் நிவாரண முகாம். வகுப்பறையில் நாற்பது குடும்பம் பாய் விரித்திருக்கும்போது அங்கே எப்படிப் பாடம் நடத்துவது? முகாமைக் காலி செய்து, கழிவறையைக் கழுவி, சுவரில் ஷாக் அடிக்கிறதா என்று பார்த்துத்தான் திறக்க முடியும். நான் அதிகாரிகளைக் குறை சொல்லும் இடம் வேறு: அணை திறக்கும் செய்தி ஆற்றங்கரை வீட்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பது. லீவை இரண்டு நாள் நீட்டித்ததற்காகத் திட்ட மாட்டேன். நீட்டிப்பதாக இருந்தால் மாவட்டம் முழுக்க நீட்டிக்காமல், தண்ணீர் நிற்கும் ஒன்றியங்களுக்கு மட்டும் நீட்டித்துவிட்டு விருத்தாசலம் பக்கம் திறக்கலாம் என்பது சரி, அதையும் சில முறை செய்திருக்கிறார்கள்.

புயல் லீவுக்கு ஈடாகச் சனிக்கிழமை ஸ்கூல் வைக்கிறார்கள். நாங்களா புயலைக் கூப்பிட்டோம்?
– ஒன்பதாம் வகுப்பு, செம்மண்டலம்

நீங்கள் கூப்பிடவில்லை, ஆனால் முந்தைய நாள் சாயங்காலம் முழுக்க போனை வைத்துக்கொண்டு 'வா வா' என்று மீம் போட்டது யார்? போர்ஷன் முடிய வேண்டும், பரீட்சைத் தேதி மாறாது, ஆகவே சனிக்கிழமை போய்த்தான் ஆக வேண்டும். உங்கள் பக்கம் ஒன்று மட்டும் பேசுகிறேன்: லீவு நாளிலேயே ஆன்லைன் கிளாஸ் வைத்துவிட்டு, சனிக்கிழமையும் வரச் சொல்லும் பள்ளிகள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரண்ட் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆன்லைன் கிளாஸ் கிடையாது, ஆகவே என் ஓட்டு சனிக்கிழமைக்கு. திட்டுவதாக இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள், போடுகிறேன்.